முதலில் குனிவது யார்?

பெண்ணைப் பெற்றவனுக்குக் கல்யாணம் முடியும்வரை எந்த வியாதியும் வரக்கூடாது. வந்தாலும் வெளியே தெரியக்கூடாது. "அப்பாவுக்கு இப்படியாமே, பொண்ணுக்கும் வருமோ?" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், நிச்சயமான இடமும் நின்றுபோகும். அதனால்தான் இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், மகள் கல்யாணம் நிச்சயமானபோது, என் வலது தோளை ராணுவ ரகசியம் போலக் காப்பாற்றினேன்.

கை நெஞ்சுக்கு மேல் ஏறாது. எனக்குத் தலை வாரிவிடுவதே மனைவிதான். சட்டை போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும் (மாற்றி நுழைத்தால் நான் போடும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்).

செங்கல்பட்டு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "தோள் மூட்டுல பந்தும் கிண்ணமும் மாதிரி ரெண்டு எலும்பு. நடுவுல வழவழன்னு இருக்கிற குருத்தெலும்பு தேஞ்சுடுச்சு. தேஞ்சது திரும்ப வளராது. ஆனா பயிற்சி பண்ணா வலி குறையும், கை இன்னும் கொஞ்சம் மேல போகும்."

"பேனாவைத் தவிர எதையும் தூக்காத தோள் எப்படி டாக்டர் தேயும்?"

"பெருமையைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா தேயாதா?" என்றாள் மனைவி. (கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை என்பதை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் சொல்லிவிடுவேன்.)

பயிற்சியைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மாப்பிள்ளைக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவருடைய அப்பா கருங்குழியில் நிலபுலன் உள்ளவர், ஆறடி உயரம். பெண் பார்க்க வந்த அன்று அவர் கும்பிட்ட கும்பிடு வயிற்றுக்கு மேல் வரவில்லை. நிலக்காரத் திமிர் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

வரவேற்பு அன்று மேடையில் சம்பந்திகள் மாலை போட்டுக்கொள்ளும் கட்டம் வந்தது. என்னிடம் திட்டம் இருந்தது. பெரிய மனிதர், மரியாதைக்குக் குனிவார். நான் மாலையை அப்படியே தலை வழியாக மாட்டிவிடலாம்.

அவர் குனியவில்லை. தன் மாலையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு என் தலையையே பார்த்தார். நானும் என் மாலையோடு அவர் தலையைப் பார்த்தேன். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார். "சார், யாராவது கையத் தூக்குங்க" என்று வீடியோக்காரர் கெஞ்சினார்.

"இன்னாய்யா, பொண்ணூட்டுக்காரு இவ்ளோ கெத்து காட்டிகினு கீறாரு?" என்றது அவர்கள் பக்கம்.

"எங்க அத்தான் எதுக்குக் குனியணும்? அவரு குனியட்டும்!" என்று எழுந்தான் என் மைத்துனன்.

பட்டுப்புடவையில் நின்ற மகளின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் வீம்பு இருந்த இடம் தெரியவில்லை. இவளுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் குனியலாம். சட்டென்று தலையைத் தாழ்த்தினேன். அதே நொடியில் சம்பந்தியும் தாழ்த்தினார்.

டங்!

என் கண்ணாடி ஒரு பக்கம், மாலைகள் ஒரு பக்கம்.

"அவருக்குத் தோள் தேஞ்சு போச்சுங்க! கை மேல ஏறாது!" என்று கத்திவிட்டாள் என் மனைவி.

சம்பந்தியம்மா வாயில் கைவைத்தார். "அய்யே! எங்கூட்டுக்காரருக்கும் அதே கதிதாங்க. நாந்தான் சட்ட மாட்டி வுட்டுகினு கீறேன். பொண்ணு வூட்ல தெரிஞ்சா இன்னா நெனப்பாங்கன்னு மூடி வெச்சாரு!"

சம்பந்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "தோளு ரொம்ப பேஜார் பண்ணுது சம்பந்தி. நீங்க குனிவீங்கன்னு நெனச்சேன்!"

கீழே கிடந்த மாலையை எடுத்து மகள் தன் மாமனாருக்குப் போட்டாள். மாப்பிள்ளை எனக்குப் போட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்குத் தோள் வலிக்கவே இல்லை.

கல்யாணம் முடிந்ததும் நாங்கள் இருவரும் சேர்ந்தே செங்கல்பட்டுக்குப் பயிற்சிக்குப் போனோம். சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே நகர்த்த வேண்டும். யார் கை அதிக உயரம் போகிறது என்று பென்சிலால் கோடு போட்டுச் சண்டை. "இது போட்டி இல்ல சார்" என்று சொல்லிச் சொல்லி பயிற்சி கொடுத்த பெண் ஓய்ந்துபோனாள்.

பேத்திக்குக் காது குத்தியபோது மறுபடி மாலை வந்தது. என் கை காது உயரம்வரை போனது. அவர் கை அதற்குச் சற்றுக் கீழேயே நின்றது. கோட்டில் நான்தான் ஜெயித்தேன். ஆனாலும் நானே குனிந்தேன். எனக்கு மாலை போட்ட பிறகு அவர் குனிந்தார்.

இன்றும் எங்கள் இரண்டு வீட்டு விசேஷங்களிலும் மாலையை எடுத்தால் போதும், கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்:

"ஒருத்தர் ஒருத்தரா குனிங்கப்பா!"