அலெக்ஸாண்டர் கராஜைப் பிடித்த கதை

“கராஜ் எண்டால் வாகனம் நிக்கிற இடம். கணவாய் பொரிக்கிற இடமில்லை!”

கனடாவின் பிக்கரிங்கில் ஒரு சனிக்கிழமை காலை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் சொந்தக் கராஜின் நடுவில் நின்று அலெக்ஸாண்டர் செய்த பிரகடனம் இது. கேட்டுக்கொண்டிருந்தது மனைவி பேர்ணடெற்றும் அடுப்பிலிருந்த தாச்சியும். தாச்சி மட்டும்தான் பதில் சொன்னது. ‘ஸ்ஸ்ஸ்’ என்றது.

அந்த அடுப்பு கராஜுக்கு வந்த வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் பேர்ணடெற்றுக்கு அநியாயம் செய்ததாகும். புது வீட்டுக்குக் குடிவந்த காலத்தில் அவள் எல்லாரையும் போல வீட்டுக்குள்தான் மீன் பொரித்தாள். அந்த மணம் அலெக்ஸாண்டரின் குளிர் ஜக்கெற்றில் ஏறி, அவரோடு கூடவே ரயிலும் ஏறியது. ரொறொன்ரோ போய்ச் சேரும்வரை அவருக்குப் பக்கத்து சீற்றில் ஒரு சனம் இருக்கவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றமுன்னமே கட்டளை போட்டார். “அடுப்பை வெளியிலை எடும்!”

அவள் எடுத்தாள். கராஜுக்குள் ஒரு ராச்சியமே அமைத்தாள். அடுப்பு, இரண்டாவது ஃபிரிட்ஜ், அரிசி மூட்டை, கருவாட்டு டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மாதா படம். வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணக்க, கராஜ் கல்யாண வீடு மாதிரி மணந்தது. தெருவில் நாய் கூட்டிக்கொண்டு போகும் வெள்ளைக்காரர் அந்தக் கதவடியில் நடையைக் குறைப்பார்கள். நாய் நின்றேவிடும்.

இப்போது அந்த ராச்சியத்தின் மீதுதான் படையெடுப்பு. காரணம் ஒஷாவாவில் இருக்கும் ஜெயரட்ணம். அலெக்ஸாண்டரோடு ஒன்றாகப் படித்தவர், ஒரே சோதனையில் ஒன்றாகக் கோட்டை விட்டவர். அவர் போன மாதம் ஒரு பெரிய பிக்கப் ட்றக் வாங்கிவிட்டார். கறுப்பு. கோயில் பார்க்கிங்கில் அது நின்றால் பக்கத்துக் கார்கள் எல்லாம் முதல்நன்மை வாங்க வரிசையில் நிற்கும் சின்னப் பிள்ளைகள் மாதிரித் தெரியும். அலெக்ஸாண்டர் அன்றைய பிரசங்கத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

“நானும் வாங்கப் போறன்,” என்றார் இப்போது. “ஆனா வெளியிலை விட்டால் விடியக் காணாது. இப்ப ட்றக்தான் களவெடுக்கிறாங்கள். கராஜுக்குள்ளதான் நிக்கவேணும்.”

“அப்ப என்ர அடுப்பு?”

“அது உம்மட பிரச்சினை.”

ஒரு புருஷன் ‘அது உம்மட பிரச்சினை’ என்று சொல்லும்போது, அது கடைசியில் யாருடைய பிரச்சினையாக முடியும் என்பது பெண்களுக்குத் தெரியும். புருஷன்மாருக்குத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பேர்ணடெற் கணவாயைப் பிரட்டிப் போட்டாள். கொஞ்சம் யோசித்தாள். “சரியப்பா. வாங்குறதெண்டால் நல்லதாப் பாத்து வாங்குவம். நானும் வாறன்.”

சண்டைக்கென்று மடித்துக் கட்டிய சாரத்தை அலெக்ஸாண்டர் இறக்கிவிட்டார். இவ்வளவு லேசாக ஒரு நாடு விழுமா? விழுந்ததே! அந்தப் பெருமையில் அன்று கணவாய் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த கிழமை முழுக்க வீட்டில் ஆராய்ச்சி. காப்புறுதிக் கந்தோரில் கதிரையில் இருந்து வேலை செய்கிற மனிசன், சோற்றைப் பிசைந்துகொண்டு இழுவைச் சக்தி பற்றிப் பேசினார். இழுப்பதற்கு அவரிடம் ஒரு படகு இல்லை, ஒரு வண்டில் இல்லை. வாழ்க்கையில் இழுபட்டுப் போய்த்தான் பழக்கம்.

“ரெண்டு கம்பனிதான் சரியான போட்டி,” என்றார். கம்பனிகளின் பெயரைச் சொன்னால் வாசிக்கிறவர்கள் வீட்டிலும் அடிபாடு வரும். ஒன்று கறுப்பு, ஜெயரட்ணம் வைத்திருக்கும் அதே சாதி. மற்றது சிவப்பு. அது போதும். எல்லாக் கம்பனி வாகனமும் விற்கிற ஓரிடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. விற்கிற பெடியன் அன்ட்ரூ. இங்கேயே பிறந்த தமிழ்ப்பிள்ளை.

“அங்கிள், ரெண்டுமே சேவ்டியிலை ரொப். ஓனஸ்ற்லி, எதை எடுத்தாலும் ஓகே.”

அலெக்ஸாண்டர் கறுப்பின் முன்கதவைத் திறந்து ஏறினார். ஏறியதென்று சொல்வது மரியாதைக்கு. ஒரு கால் உள்ளே போக, மற்றக் காலை அன்ட்ரூ தள்ளிவிட்டான். உள்ளே இருந்ததும் முகம் திருநாள் பூசைக்கு வந்த ஆயரின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

பேர்ணடெற் கீழே நின்று பார்த்தாள். “எனக்கு உந்தக் கறுப்புத்தான் பிடிச்சிருக்கு,” என்றாள் உரத்து.

அலெக்ஸாண்டரின் முகம் சுருங்கியது. கலியாணம் கட்டிய நாள் தொட்டு அவள் பிடித்திருக்கென்று சொன்ன எதையும் அவர் முதல் வாயிலேயே ஒத்துக்கொண்டது கிடையாது. திரைச்சீலை நிறத்திலிருந்து பிள்ளையின் பெயர்வரை அதுதான் கொள்கை. இப்போது அவருக்குப் பிடித்ததே அவளுக்கும் பிடித்துவிட்டது. மனிசன் என்ன செய்வார்?

“பொறும் பொறும். வடிவாப் பாக்கவேணும். நீர் எங்க நிக்கிறீர்? உம்மைக் காணேல்லை.”

“உங்களுக்கு முன்னுக்குத்தான் நிக்கிறன். எப்பவும் போலை.”

உண்மைதான். கறுப்பின் மூக்கு அவ்வளவு உயரம். அதற்கு முன்னால் பேர்ணடெற் முழுதாக மறைந்து போயிருந்தாள். அலெக்ஸாண்டர் எட்டிப் பார்த்தார், எழும்பிப் பார்த்தார், கூரையில் தலையை இடித்தார். பிறகு சிவப்பில் ஏறிப் பார்த்தபோது அவளுடைய கொண்டை தெரிந்தது, நெற்றி தெரிந்தது, கண்ணும் தெரிந்தது.

“பாத்தீரே!” என்று கத்தினார். “இதுதான் சேவ்டி! கறுப்பெண்டால் உம்மை அடிச்சுப்போட்டு வீட்டை போயெல்லோ தேடுவன்!”

“பரவாயில்லையப்பா. கறுப்புத்தான் கம்பீரம்.”

“கம்பீரமோ? உயிர் முக்கியம்!” மனைவியின் உயிருக்காக வாதாடும்போது அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. ‘இப்படியொரு புருஷன் ஆருக்குக் கிடைக்கும்?’ என்று அன்ட்ரூவைப் பார்த்தார். அன்ட்ரூ ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்பக்கம் போனார்கள். கறுப்பின் பின்கதவை விழுத்தினால் அது பேர்ணடெற்றின் நெஞ்சளவுக்கு வந்தது. சிவப்பின் பின்கதவு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, மேசை மாதிரித் தட்டையாக விழுந்தது. அவள் இரண்டு உள்ளங்கையையும் அதில் வைத்து, ரொட்டிக்கு மா பிசைவது போல ஒரு அழுத்து அழுத்திவிட்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நின்றாள். ட்றக்கை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கிறாளாக்கும் என்று அலெக்ஸாண்டர் நினைத்தார். அவரும் மரியாதைக்குத் தலையைக் குனிந்தார்.

அவள் கண் திறந்து, பின்பெட்டியின் சுவரைக் காட்டினாள். “இதென்ன தம்பி, பிளக் பொயின்ற்?”

“ஓம் அன்ரி, இந்த மொடலிலை இருக்கு. கறுப்பிலை இல்லை.”

“எனக்கு உது சரிவராது. ஒரு தேத்தண்ணிக் கேத்திலைக் கொழுவினாலே எரிஞ்சுபோகும்.”

“கேத்திலோ?” அன்ட்ரூ சிரித்தான். “அன்ரி, கன்ஸ்ட்ரக்‌ஷன் சைற்றிலை மரம் அரியிற மெஷினே இதிலைதான் ஓடுது.”

“என்னவோ. கரண்ட் கிரண்ட் இல்லாத கறுப்புத்தான் நல்லது.”

அலெக்ஸாண்டருக்குப் பொறுமை போய்விட்டது. “உமக்கென்ன விளங்கும்! ஐஸ் மழை பெஞ்சு கரண்ட் போச்செண்டால்? வீடு குளிரிலை விறைச்சுப்போகும். அப்ப இந்த ட்றக் வீட்டையே தாங்கும்! ஜெயரட்ணம் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு இருப்பான், நாங்கள் இருப்பம் ராசா மாதிரி! உதுதான் சேவ்டி. பெரிய சேவ்டி!”

“அப்ப உங்கட விருப்பம்,” என்றாள் பேர்ணடெற், தோற்றுப்போனவள் மாதிரி. அவள் தோற்றதைக் கண்டதும் அலெக்ஸாண்டர் அன்ட்ரூவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். சிவப்பு.

ட்றக் வீட்டுக்கு வருமுன்னமே கராஜ் துப்பரவாகிவிட்டது. அடுப்பும் ஃபிரிட்ஜும் போய்விட்டன, மாதா படம் சாப்பாட்டு அறைக்கு இடம்மாறியது. ஒரு முறைப்பாடு இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. அலெக்ஸாண்டர் பின்கமெராவைப் பார்த்துப் பார்த்து, ட்றக்கைப் பின்பக்கமாகவே கராஜுக்குள் விட்டார். அயல் முழுக்க ஜன்னலில் நின்றது. இறங்கி வந்து பொனெற்றில் தட்டிக் கொடுத்தார், குதிரைக்குத் தட்டுவது போல. கராஜ் விழுந்தது. வெற்றி.

“சனிக்கிழமை வந்து பார்,” என்று ஜெயரட்ணத்துக்கு ஃபோன் எடுத்தார். “அப்ப தெரியும் ட்றக் எண்டால் என்னெண்டு.”

சனிக்கிழமை ஆறுதலாகச் சவரம் செய்து, சென்ற் பூசி, புது ஷேட் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்குப் போகும் கதவைத் திறந்தார்.

கராஜ் வெறுமையாக இருந்தது.

“ஐயோ! களவெடுத்துப்போட்டாங்கள்!” என்று அலறினார். “பேர்ணி! பொலிசுக்கு அடியும்!” பதிலுக்குத் தெருப் பக்கத்துக் கதவின் கீழிடுக்கால் ஒரு மணம் வந்தது. மிளகாய்த்தூள், மஞ்சள், நல்ல சூட்டில் கணவாய்.

கதவுப் பொத்தானை அமத்தினார். கதவு மெல்ல மெல்ல மேலே போனது. முதலில் தெரிந்தது தன்னுடைய ட்றக்கின் சில்லு. பிறகு பேர்ணடெற்றின் பாதம். பிறகு விழுத்தியிருந்த பின்கதவு, அதன்மேல் ஒரு ஹொட் பிளேற், அதன்மேல் தாச்சி. பின்பெட்டிக்குள் மா டப்பா, மசாலாப் போத்தல், வெங்காயக் கூடை, எல்லாம் அலுமாரித் தட்டில் அடுக்கியது மாதிரி. ட்றக் தன்பாட்டில் உறுமிக்கொண்டு அடுப்புக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. மடக்குக் கதிரையில் ஜெயரட்ணம். மடியில் கோப்பை, வாய் நிறையக் கணவாய்.

“நீரோ ட்றக்கை வெளியிலை எடுத்தது?”

“பின்னை? முன்னுக்கு விடுறது என்ன பெரிய வேலை. சீற்றைத்தான் கொஞ்சம் கிட்ட இழுத்தனான்.”

“ட்றக்கிலை ஆரும் சமைக்கிறதோ?”

“கராஜுக்குள்ள பொரிக்கக்கூடாதெண்டு சொன்னனீங்கள். நான் இப்ப கராஜுக்குள்ளயோ நிக்கிறன்?”

அலெக்ஸாண்டர் கீழே பார்த்தார். கராஜின் சீமெந்து முடிகிற கோட்டுக்கு வெளியே, ஒரு விரல் தள்ளி, அவளுடைய செருப்பு. அடுப்பை வீட்டுக்குள் இருந்து விரட்டினார், கராஜுக்குப் போனது. கராஜுக்குள் இருந்து விரட்டினார், சில்லுப் பூட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. இனி இரவில் பத்திரமாகக் கராஜுக்குள்ளேயே படுக்கவும் போகிறது.

வாயைத் திறந்தார். அதற்குள் ஜெயரட்ணம் முந்திக்கொண்டார்.

“மச்சான், நான் தோத்துப்போனன். என்ர ட்றக் மலையையும் இழுக்கும். ஆனா ஒரு கணவாய் பொரிக்காது. நீ ஆளடா! உந்த விசயத்தை யோசிச்சு வாங்கியிருக்கிறாய்!”

திறந்த வாய் அப்படியே சிரிப்பாக மாறியது. கோபத்துக்கு எடுத்த மூச்சு வீணாகாமல் நெஞ்சை நிமிர்த்த உதவியது. “பின்னை என்னெண்டு நினைச்சனி? எல்லாம் ஒப்பிட்டுப் பாத்துத்தான் எடுத்தது. வா, ஒரு ஓட்டம் ஓடிக் காட்டுறன். பேர்ணி, திறப்பைத் தாரும்!”

“எண்ணெய் கொதிக்குது. இப்ப ஆரும் ட்றக்கை அசைச்சால் அவிஞ்சுபோவியள்.”

“எப்ப முடியும்?”

“கணவாய் முடிய மீன், மீன் முடிய றோல்ஸ். நாளைக்குக் கோயில் திருநாள். பங்குச் சனம் முழுக்கவுக்கும் நான்தான் றோல்ஸ் எண்டு ஃபாதரிட்டைச் சொல்லிப்போட்டன்.” கரண்டியால் தாச்சியின் விளிம்பைத் தட்டினாள். “எண்ணெயும் முடியப்போகுது. நிண்டு பாக்காமல் ஒரு பெரிய கலன் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

“எதிலை போறது?”

ஜெயரட்ணம் விரலை நக்கிக்கொண்டு தன் திறப்பை எடுத்து ஆட்டினார்.

பிக்கரிங்கிலேயே தலைசிறந்த ட்றக்கின் சொந்தக்காரரான அலெக்ஸாண்டர், ஜெயரட்ணத்தின் கறுப்பு ட்றக்கில் பக்கத்து சீற்றில் ஏறி, எண்ணெய் வாங்கப் போனார்.