யாம்: படத்துடன் விளக்கம்

பசித்தவனுக்குச் சோறு போட இந்த உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். பசித்தவன் வாயில் போட்டுக்கொண்டதற்கு அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று கவலைப்பட்டு இளைத்த மகான் ஒருவர்தான். அவர் பேரகராதித் துறையின் சொற்பிறப்புப் பிரிவுத் தலைவர். சொற்களின் வேரைத் தோண்டுகிறவர் என்பதால் அலுவலகத்தில் அவரை வேர்க்காரர் என்பார்கள். பிரிவில் அவர் ஒருவர்தான் ஆள். ஆகவே தலைமைக்குப் போட்டியும் கிடையாது.

அவர் கையில் 'யாம்' என்ற சொல் வந்தபோது, ராஜாக்கள் தங்களையே சொல்லிக்கொள்கிற சொல்லாக்கும் என்று சக ஊழியர்கள் எழுந்து நின்றார்கள். கிழங்கு என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். வேர்க்காரர் அசரவில்லை. தோண்டினார். ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிய மாலுமிகள், கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் "இது என்ன?" என்று கேட்டார்களாம். "சாப்பிடறது" என்று அவர்கள் தங்கள் பாஷையில் சொல்ல, அதையே பேராக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். கேட்டதை யார் கண்டது? ஆனால் அந்தப் பக்கத்து மொழிகள் சிலவற்றில் சாப்பிடுவதற்கு அது போல ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. 'அக்கறையில்லாமல் கேட்டவன் வைத்த பேர்' என்று வேர்க்காரர் எழுதி, தானே படித்து, தானே சிரித்துக்கொண்டார்.

வினை, சொல்லுக்குப் பக்கத்தில் அச்சிடும் படத்தில் வந்தது. துறை இயக்குநர் கூட்டம் போட்டார்.

"பூர்வீகமெல்லாம் சரி, வேர்க்காரரே. எந்தப் படம் போடறது?"

மேசைமேல் இரண்டு படங்கள் கிடந்தன. ஒன்று மரப்பட்டை மாதிரி, மண்ணும் மயிருமாக. இன்னொன்று செக்கச்செவேலென்று, பார்க்க லட்சணமாக. ஒன்று அசல் யாம், மற்றது சர்க்கரைவள்ளி. சில ஊர்க் கடைகளில் இரண்டையும் ஒரே பேர் சொல்லி விற்கிறார்களாம். எது எது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

"சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போகணும். இதுகூட முடிவாகலைன்னா வேர்ப் பிரிவு எதுக்குன்னு மேலே கேட்பாங்க. உங்களைப் பார்சல் கட்டற பக்கம் மாத்தச் சொல்லிடுவாங்க" என்றார் இயக்குநர், மிகுந்த அன்போடு.

கடைக்குப் போய்க் கிழங்கைப் பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் துறையின் பெருமை நிற்கிறது. கண்ணால் கண்டதை அவர்கள் ஏற்பதில்லை. அச்சில் வந்தது மட்டுமே 'ஆதாரம்'. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டினாலும், பேப்பரில் வரும்வரை யாரும் குடையை எடுக்க மாட்டார்கள்.

விவாதம் சாப்பாட்டு வேளையைத் தாண்டியது. வேர்க்காரர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வைத்தார். ஆளுக்கு ஒரு கை வறுவலை எடுத்துக்கொண்டார்கள்.

"பிரமாதமா இருக்கே, என்ன இது?" என்றார் இலக்கணக்காரர்.

வேர்க்காரருக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தில் கண்ணும் தட்டில் கையுமாகச் சாப்பிடுகிறவர். வீட்டில் மனைவிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏம்மா, டப்பால என்ன வச்சிருக்கே?"

"சாப்பிடறதுதான். வேற என்ன வைப்பாங்க?"

வேர்க்காரர் புல்லரித்துப்போனார். "கேட்டீங்களா? அப்படியே மாலுமிங்களுக்குக் கிடைச்ச பதில்." அறையே தலையாட்டியது.

"என்ன மாலுமி?" என்றது போன். "தினமும் யாம், யாம்னு உயிரை வாங்கறீங்களே, அந்தக் கிழங்குதாங்க அது. வாராவாரம் நீங்கதானே பையில தூக்கிட்டு வரீங்க. தோல் மரப்பட்டை மாதிரி இருக்கும், கத்தி இறங்காது. சீவிட்டு ரெண்டு நாளைக்குக் கை அரிக்குது. இத்தனை வருஷமா சொறிஞ்சுக்கிட்டு நிக்கறேன், எதனாலன்னு ஒரு தடவை கேட்டிருப்பீங்களா?"

வேர்க்காரர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். ஓரத்தில் பழுப்பாகக் கொஞ்சம் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்மத்தில் முதல்முறையாக ஒரு காயைப் பார்க்கிறார், அதுவும் மண்ணும் மயிருமான படத்துக்குச் சாட்சி சொல்கிறது. தன்னைவிடப் பெரிய கிழங்கு இந்த மேசையில் இல்லை என்று அவருக்கே தோன்றியது.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "அம்மா சொல்றது எங்கேயாவது அச்சில் வந்திருக்கா?"

"வந்திருக்காது சார்."

"இவ்வளவு நேரம் யாருக்கும் தோணலையே, போன பதிப்பில் எந்தப் படம்?"

"சிவப்பு சார்."

"அதைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

அதுவும் வேர்க்காரர்தான். அன்றைக்குச் சிவப்பு அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. இன்று அதுவே அசைக்க முடியாத அச்சு ஆதாரம். மனைவி சொல்வதை ஒப்புக்கொண்டால் போன பதிப்பு போச்சு, பிரிவு போச்சு. பார்சல் கட்டுகிற சணல் அவர் கண்முன்னால் ஆடியது.

"அவங்க சொல்றது..." என்று இழுத்தார். "அச்சேறாத தகவல், சார். கணக்கில் எடுத்துக்க முடியாது."

"நான் வச்சிடறேன்" என்றது போன். அதை அணைக்க அவர் மறந்திருந்தார்.

சிவப்பு ஏகமனதாக ஜெயித்தது. 'நேர்மையான ஆய்வு' என்று தீர்மானத்தில் எழுதினார்கள். மீதி யாமையும் தின்று முடித்தார்கள்.

சாயங்காலம் அச்சுப் படியோடு வீட்டுக்கு வந்தார். மனைவி உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதனால் என்று இப்போது அவருக்குத் தெரியும். படியை நீட்டினார். அவள் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, சிவப்புக் கிழங்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல 'மனைவி' வருதா?"

"அது எப்பவோ முடிஞ்சாச்சும்மா. மனைதான் வேர். முக்கால் பக்கம் எழுதியிருக்கேன்."

"படம் போட்டிருக்கா?"

"அதுக்கு எதுக்குப் படம்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எல்லாருக்கும் தெரியும்" என்று படியைத் திருப்பிக் கொடுத்தாள். "உங்களுக்காக ஒண்ணு போட்டிருக்கலாம்."