யாரும் தோற்காத மியூசிக்கல் சேர்

டாக்குரியாவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் குடியிருப்பு. நடுவே ஒரு புல்வெளி. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே சின்னக் குழந்தைகளுக்கு விளையாட்டு நடத்தலாம் என்று ஊழியர் ஒருவரின் மனைவி நாகலட்சுமிக்குத் தோன்றியது. அது அவள் செய்த முதல் தவறு. இரண்டாவது, அனுமதி கேட்டது.

நலச்சங்கச் செயலாளர் பட்டாபி அப்போதுதான் குழந்தைகள் மனநலம் பற்றிய பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய் வந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு வரை கவனமாகக் கேட்டும் இருந்தார்.

"என்ன விளையாட்டு மேடம்?"

"கண்ணாமூச்சி சார்."

"ஒளிஞ்சுக்கறதா? வெளிப்படைத்தன்மைன்னு ஒண்ணு இருக்கே. எங்கே ஒளியறோம்னு குழந்தை முன்கூட்டியே தெரிவிச்சுடணும்."

"ஓடிப்பிடிக்கறது?"

"ஓடலாம். பிடிக்கறதுக்கு முன்னாடி சம்மதம் வாங்கணும்."

"மியூசிக்கல் சேர்?"

பட்டாபி கண்ணை மூடிக்கொண்டார். "பச்சைக் குழந்தையை நாலு பேர் முன்னாடி அவுட்னு சொல்றதா? அந்தக் காயம் ரிட்டயர்மென்ட் வரைக்கும் ஆறாது. நாற்காலியை எடுக்கவே கூடாது."

நாகலட்சுமி வாதாடியிருப்பாள். ஆனால் புல்வெளியைக் கார் நிறுத்த எடுத்துக்கொள்ள ஒரு கோஷ்டி காத்திருந்தது. "சரி சார்" என்றாள்.

சனிக்கிழமை நான்கு வயது சுபிக்ஷா, "தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளியறேன்" என்று உரக்க அறிவித்துவிட்டுப் போய் ஒளிந்தாள். தேடப் போன சைதன்யா நேரே அங்கே போய் அவளைக் கண்டான். இருவரும் திரும்பி வந்தார்கள். மியூசிக்கல் சேரில் பாட்டு நின்றதும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பாட்டு ஓடியதும் எழுந்தார்கள்.

"காக்கிமா, விளையாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று நாகலட்சுமியை வங்காளியில் சித்தி முறை வைத்துக் கேட்டான் சைதன்யா.

அடுத்த வாரம் முறைப்படி தொடங்கிவைக்க மண்டல அதிகாரி முருகானந்தம் வந்தார். அவரோடு அழைக்கப்படாத அதிகாரிகளும் வந்தார்கள். மேடையில் ஒரு நாற்காலி குறைந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு ஓட, "நீங்க உக்காருங்க", "பரவாயில்ல, நீங்க" என்று அதிகாரிகள் நாற்காலிகளைச் சுற்றி மரியாதையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். வரவேற்புரைக்காக நாகலட்சுமி பாட்டை நிறுத்தினாள். மறுகணம் அத்தனை பேரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். பட்டாபி மட்டும் நின்றார்.

"அங்கிள் அவுட்" என்றாள் சுபிக்ஷா.

குழந்தைகள் கைதட்டினார்கள். சைதன்யா ஓடிவந்து மேடையில் ஓர் அதிகாரியை எழுப்பி அவர் நாற்காலியை இழுத்துப் போனான். முருகானந்தம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாட்டைப் போடுங்கம்மா" என்றார்.

புல்வெளி பிழைத்தது. திங்கட்கிழமையே முருகானந்தத்தின் உத்தரவும் வந்தது. இனிச் சனிக்கிழமைதோறும் அங்கே அதிகாரிகளின் மன அழுத்தம் நீங்க மியூசிக்கல் சேர் நடைபெறும். குழந்தைகள் ஓசையின்றி வேடிக்கை பார்க்கலாம். பதவியில் இளையவர் முதலில் தோற்க வேண்டும். பாட்டை இயக்கும் பொறுப்பு நாகலட்சுமிக்கு.

பதவியில் இளையவன் அவள் கணவன் அனந்த். வாராவாரம் முதலில் வெளியே வந்தான். மூன்றாவது வாரம் வீடு திரும்பும்போது குறைப்பட்டுக்கொண்டான்.

"நாற்காலியில உக்காரப் போனேன். சரியா அப்ப பாட்டை மறுபடி ஓட விட்டியே, ஏன்?"

"உங்க ப்ரமோஷன் ஃபைல் மண்டல அதிகாரி மேஜையிலதானே இருக்கு?" என்றாள் நாகலட்சுமி.

அனந்த் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சீக்கிரமா ஓட விடு" என்றான்.