தாய்மாமன் தொட்ட மணவறை

“…மூணு தரம் மணவறையத் தொட்டேன், மூணு தரமும் இருட்டாயிருச்சு. இதுக்கு மேல என்ன தம்பி பாக்கச் சொல்ற?” என்று கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் தன் கைப்பேசியை மேசையில் வைத்தார்.

மணவறை பார்க்க வந்த கல்யாண வீட்டாருக்கு இருட்டைக் காட்டியவன், எனக்குத் தெரிந்து, இந்தப் பினாங்கில் நான் ஒருவன்தான்.

என் அக்கா பிறை ஊரில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஜார்ஜ்டவுனில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மணவறை அலங்காரம் தொடங்கியிருந்தாள். தாசேக் கெலுகோரிலிருந்து வந்த இந்தக் குடும்பம்தான் முதல் பெரிய கல்யாணம். இந்த வேலை கிடைத்தால் தொழில் நிலைக்கும். இல்லையென்றால் பழையபடி பிறைதான். “ஆல்பமெல்லாம் எதுக்குக்கா? நான் போனுக்கு ஆப் செஞ்சு தரேன்” என்றேன். (வீடியோ பார்த்தே படித்த மேதை நான்!)

‘மணவறை’ என்ற பொத்தானைத் தொட்டால் இருபது படங்கள் வரும். எல்லாம் பெரிய கேமராவில் எடுத்தவை. கோப்பாகக் கிடக்கும்போது ஒவ்வொன்றும் எட்டு எம்.பி.தான். திறந்தால் புள்ளி புள்ளியாக விரிந்து நூறு எம்.பி.யை நெருங்கும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. தபால்தலை அளவுச் சதுரத்தில் காட்ட, இருபதையும் முழுசாக, ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏற்றினேன். ஒரு தட்டுச் சோறு கேட்டவருக்கு இருபது மூட்டை அரிசியை உலையில் போட்ட மாதிரி. என் புதுப் போன் எப்படியோ தாங்கியது. அதில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

தாய்மாமனோ தன் போனில்தான் பார்ப்பேன் என்றார். அதில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். பாவம், அது மூச்சு முட்டி, மூன்று முறையும் திரை இருண்டு ஆப்பை வெளியே தள்ளியது.

“அபசகுனமா இருக்கே” என்று முணுமுணுத்தார் பெண்ணின் அத்தை.

“ஐயோ, அது சும்மா போன் கோளாறுலா அக்கா” என்று என் அக்கா பதறினாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “உங்க போன் ரொம்பப் பழசு மாமா” என்றேன்.

“பழசுதான். காலையில இருந்து இதுலதான் ஊரையே கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அதெல்லாம் நல்லாத்தான் போவுது.”

படத்தைத் திரையின் அளவுக்குச் சுருக்கி ஏற்ற வேண்டும், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்துக்கொண்டு தாண்டிப்போனதை விட்டுவிட வேண்டும் என்பதை அடுத்த மூன்றே நாளில் கற்றுக்கொண்டேன். இப்போது எந்த ஓட்டைப் போனிலும் ஓடும். பார்க்கத்தான் ஆளில்லை. அக்கா மறுபடி பிறைக்கு ஷிப்டு போகிறாள். வீட்டில் கரண்டு போனால் அக்காவைக் கட்டிய மச்சான், “யாருலா மணவறையத் தொட்டது?” என்பார். எல்லாரும் சிரிப்போம். அக்கா மட்டும் மெழுகுவத்தி தேடப் போய்விடுவாள்.

அன்று தாய்மாமன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. முன்பணம் வைத்துக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த பழத்தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து, “சாப்பிடு தம்பி” என்று என் கையில் வைத்தார். மீதிப் பழத்தோடு தட்டைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.