டை-அப் அண்ணனும் ரெண்டு பிரியாணிக் கடையும்

ஒரகடம் வட்டாரத்தில் டை-அப் அண்ணனிடம் சிக்காமல் தப்பித்த கடை ஒன்றுகூடக் கிடையாது. கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. எங்கள் கால்பந்து கிளப்புக்குக் கூட்டாளி பிடிப்பதுதான் உத்தியோகம்.

பஞ்சர் கடையோடு ஓர் ஒப்பந்தம். பந்துக்குக் காற்று இலவசம்; பதிலுக்கு, கோல் போட்டதும் கடை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு. சலூனோடு இன்னொன்று. டீம் முழுக்க ஒரே கட்டிங், உச்சியில் சேவல் கொண்டை. மறுநாள் கம்பெனி லைனில் சூப்பர்வைசர் ஆள் அடையாளம் தெரியாமல் எனக்கு விழவேண்டிய திட்டையெல்லாம் எங்கள் கோல்கீப்பருக்குக் கொடுத்தார்.

"இன்னாண்ணே, கண்றாவியா கீது?" என்றேன் அண்ணனிடம்.

"முடி வளந்துரும்டா. டை-அப் தானா வளருமா?"

அப்போதுதான் சென்னையிலிருந்து, சம்பளத்துக்கு ஆடும் பெரிய கிளப் ஒன்று எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னது. பிடித்தால் கூட்டு, மைதானமும் கோச்சும் அவர்கள் பொறுப்பு. பிடிக்காவிட்டால் கிளப்பை மூட வேண்டியதுதான். நாங்கள் ஆடிய இடத்தில் குடோன் கட்டக் கம்பி இறக்கிவிட்டார்கள்.

அவர்கள் வந்த அன்று பார்த்து அண்ணன் குட்டு உடைந்தது. ஜெர்சியின் நெஞ்சுப் பகுதியை சுங்குவார்சத்திரத்தில் எதிரெதிரே இருக்கும் ரெண்டு பிரியாணிக் கடைக்கும் பேர் போடத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கடைக்காரர்கள் மாமனும் மச்சானும். பேச்சுவார்த்தை அறுந்து வெகுகாலம். ஒருவர் சிவப்பு ஜெர்சியோடும் மற்றவர் பச்சை ஜெர்சியோடும் வந்து நின்றார்கள்.

அண்ணன் அசரவில்லை. மாமனை ஓரங்கட்டி, "முதல் பாதி உங்குளுது. சென்னைக்காரங்க அதைப் பாத்துட்டுக் கெளம்பிடுவாங்க" என்றார். மச்சானிடம், "ரெண்டாவது பாதி உனக்கு. போட்டோல்லாம் கடைசிலதான் புடிப்பாங்க" என்றார். ரெண்டு பேருக்கும் வாயெல்லாம் பல்.

முதல் பாதியில் சிவப்பில் ஆடி ரெண்டு கோல் வாங்கினோம். அண்ணன் அளந்த பொய் அப்படியே பலித்தது. சென்னைக்காரர்கள் எழுந்து காரைப் பார்த்து நடந்தார்கள். 'போச்சுடா' என்று உட்கார்ந்துவிட்டேன்.

காருக்கு முன்னால் மாமன் போய் நின்றார். "தோத்த சட்டைல எம்பேரைப் பாத்துட்டுப் போவக்கூடாது சார்!"

பக்கத்தில் மச்சான். "எஞ்சட்டைய இன்னும் பாக்கவே இல்லியே சார்! மாமா, நீ இந்தப் பக்கம் மறி!"

கையில் பிரியாணியைத் திணித்துத் திரும்ப உட்கார வைத்தார்கள். பச்சைக்கு மாறி மூன்று கோல் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் பஞ்சர் கடைக்குக் கும்பிடு. சென்னைக்காரர்கள் கைகொடுத்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்பாடா! அண்ணனோ கோல் போஸ்ட்டைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

இப்போது எங்களுக்குப் பெரிய மைதானம், விசில் ஊதும் கோச், ஒரே ஜெர்சி. சலூன் ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் மட்டும் இன்னும் அதே சேவல் கொண்டைதான் வெட்டிக்கொள்கிறேன். கேலரியிலிருந்து பார்க்கும் அண்ணனுக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று சட்டென்று தெரிய வேண்டாமா?