களிம்பு நைனாவின் காசு

அழுக்கைக் கண்டு கைகூப்பிய மனிதர் என்று இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவர் எங்கள் குப்பத்துக் களிம்பு நைனா. பெற்றோர் இட்ட பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பறி என்னும் ஓலைக்கூடையில் சேர்ப்பது அவர் தொழில். தடவுகிற கையில் எப்போதாவது ஒல்லாந்தர் என்னும் டச்சுக்காரர் காலத்துச் செம்புக் காசு அகப்படும். மற்றவர்கள் அதைக் கரைக்குக் கொண்டுவந்து மணலில் தேய்த்துப் பளபளப்பாக்கி மகிழ்வார்கள். நைனாவோ பச்சைக் களிம்பு கலையாமல், பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல இரு உள்ளங்கையிலும் ஏந்தி வருவார்.

இதில் எனக்கும் அவருக்கும் கொள்கைப் பகை. நான் மாலைதோறும் சிவன் கோயிலில் திருமுறை பாடுகிறவன். செம்பில் களிம்பு ஏறியதுபோல உயிரில் ஆணவம் ஏறியிருக்கிறது, அதை அகற்றுவதே பிறவியின் பயன் என்று கற்றவன். இதை ஒருநாள் நைனாவிடம் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகவே கேட்டார்.

"வாஸ்தவம்தான் சாமி. ஒங்க ஆண்டவனுக்குக் களிம்பு ஆவாது. ஆனா மெட்ராஸ்ல காசு சேக்கறவனுக்கு அதான் உசுரு. தோலை உரிச்சிட்டு ஆட்டை ஓட்டிக்கினு போனா சந்தையில எவன் வாங்குவான்?"

சித்தாந்தத்தில் இதற்கு விடை இருக்கிறது. அன்று இரவு முழுவதும் புத்தகத்தில் தேடினேன்.

காசைத் தேய்த்தவர்களை நைனா மன்னித்ததே இல்லை. டீக்கடை முனுசாமி ஒருமுறை தனக்குக் கிடைத்த காசைப் பல்பொடி போட்டுத் துலக்கி, கல்லாவுக்கு மேலே எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். மறுநாள் காலை நைனா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, யாரு போய்ட்டா?" என்று பதறினார் முனுசாமி.

"ஒன் காசுதான். எழவு கேக்க வந்தேன். டீ வேணாம்."

வேறொரு வீட்டில் பேரனின் அரைஞாணில் கோப்பதற்காகக் காசில் ஓட்டை போட்டுவிட்டார்கள். அந்த வீட்டு விருந்துக்கு நைனா போகவில்லை. இறால் மட்டும் அனுப்பிவைத்தார். குழந்தைமேல் அவருக்கு வருத்தம் இல்லையாம்.

பழையதெல்லாம் விலை போகும் என்று நம்புகிறவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. "பழசுன்னா வெலையா? எங்க வூட்டு அம்மிகூடத்தான் பழசு. எவன் கேக்கறான்? எழுத்து தேயாம இருக்கணும். மேலுக்குக் கை படாம இருக்கணும். முக்கியமா, அது அடுத்தவன் கிட்ட இருக்கக் கூடாது" என்பார். அந்தக் கடைசி விதியை மெய்ப்பிப்பதுபோல, பக்கத்து ஊரில் கடைக்கால் தோண்டியபோது ஒரு பானை நிறையக் காசு கிடைத்தது. அந்த வகைக் காசின் விலை அத்தோடு விழுந்தது. "இறால் கதைதான் சாமி. ஒருத்தன் பறியில வந்தா ராஜா. ஊர்ல அல்லார் பறியிலயும் வந்தா கருவாடு" என்றார். இரண்டு நாள் அவர் முகத்தில் சவரம் இல்லை.

ஆனால் அவரிடம் இருந்த ஒரே ஒரு காசு பானையில் கிடைத்த வகை அன்று. பழவேற்காட்டிலேயே அடித்தது. எழுத்துகள் நேற்றுப் பொறித்தவைபோல இருக்கும். மேலே ஒரே சீராகப் பச்சை படர்ந்திருக்கும். சென்னையிலிருந்து காசு சேகரிப்பவர் ஒருவர் கைப்பேசியில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு, பழைய சிறு படகு ஒன்று வாங்குமளவுக்கு விலை சொன்னார். நேரில் பார்த்து வாங்கிக்கொள்ள ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் வருவதாகவும் சொன்னார்.

படகு நைனாவுக்காக அன்று. அவர் மனைவி சின்னம்மாவும் அவரோடு மார்பளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு இறால் தடவுகிறவர். அந்த அம்மாளுக்கு முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. படகு வந்தால் வலை போடலாம், அவர் தண்ணீரில் நிற்க வேண்டாம். இதை நைனா என்னிடம்தான் சொன்னார். மனைவியிடம் சொல்லவில்லை. "சொன்னா, எனுக்கு இன்னா கேடுன்னு சண்டைக்கு வருவா."

திருடனும் தொட அஞ்சும் இடம் என்று, காசை மனைவிக்கும் சொல்லாமல் அம்மன் படத்தடியில் குங்குமச் சிமிழுக்குள் ஒளித்துவைத்தார். சாமி மாடத்துச் செம்பும் பித்தளையும் தாமாகவே பளபளக்கின்றன என்பது எங்கள் ஊர் ஆண்கள் அனைவருடைய நம்பிக்கை. நானும் அவர்களில் ஒருவனே. கூழ் வார்ப்பதற்கு முந்தைய ஆடி வெள்ளியன்று, மாடத்தில் உள்ள அத்தனையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கப்படும் என்பதை நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சென்னைக் கனவான் பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். தெருவே திரண்டிருந்தது. நைனா சிமிழைத் திறந்தார். உள்ளே காசு, கோயில் கலசம்போல ஜொலித்தது.

கனவான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மடித்தார். "நல்லா இருந்த காசு. தேய்ச்சு மேல்தோலே போயிடுச்சு. இனிமே இது வெறும் செம்புங்க. யார் பண்ணது இதை?"

வாசற்படியில் டீ டம்ளர்களோடு நின்ற சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சிரித்தபடி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நைனாவும் அந்த முகத்தைப் பார்த்தார்.

"நான்தாங்க தேச்சேன்" என்றார்.

"நீயா?" என்றார் முனுசாமி.

"நான்தான்யா. பெரிய மனுசன் வூட்டுக்கு வர்றாரே, பாக்க லட்சணமா இருக்கட்டும்னு புளி போட்டுத் தேச்சேன். போதுமா?"

தெரு சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. முனுசாமி ஓடிப்போய்த் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நைனாவுக்கு வந்த டீயையும் முனுசாமியே எடுத்துக் குடித்தார். அன்றுமுதல் ஊரில் அவர் பெயர் புளி நைனா. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

கூட்டம் கலைந்து நான் மட்டும் இருந்தபோது சின்னம்மா மெல்லக் கேட்டார். "நான்தானேயா தேச்சேன்? சாமிக்கு முடிஞ்சு வெச்ச காசுன்னு நெனச்சேன்."

"நீ தேச்சது குங்குமச் சிமிழு. உள்ளே இருந்ததை நான்தான் தேச்சேன். போய்ச் சோத்தைப் போடு."

மறுநாள் முதல் அவர் மனைவியை ஏரியில் இறங்க விடவில்லை. தண்ணீரில் ஏதோ மருந்து கலந்திருக்கிறது, பெண்களுக்கு ஆகாது என்று ஒரு கதை கட்டினார். இரண்டு பேர் இறாலையும் ஒருவரே தடவிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் கரையேறுகிறார்.

அந்த வேளையில்தான் நான் கோயிலில் பாடத் தொடங்குவேன். அன்பு என்னும் சொல் வரும் அடிகளில் எல்லாம், எதிரே இருக்கும் இறைவனை விட்டு என் கண் ஏரிக்கரைப் பக்கம் போய்விடுகிறது. இறைவன் அதைக் குற்றமாகக் கொள்ளமாட்டான் என்றே நினைக்கிறேன்.