அம்புட்டுப்பேரு அக்காவும் மில் வாசல் சோதனையும்

வைகையில் வெள்ளம் வந்தால் மற்றவர்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவள் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "அம்புட்டுப் பேரு வீட்டுக்கும் வந்துச்சா, இல்ல நம்ம தெருவுக்கு மட்டுந்தானா?" என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்வாள். வெள்ளைக்காரன் ஆண்ட பூமி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒருத்தி கிடைக்கமாட்டாள். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்னவோ, யாருக்கும் தெரியாது. செல்லூரில் அவள் அம்புட்டுப்பேரு அக்கா.

கல்யாண வீட்டில் இலை போட்டால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"மேளக்காரங்களுக்கும் இதே பாயாசமா?"

"இதேதான் அக்கா, சாப்புடு."

"எச்சி இலை எடுக்குறவங்களுக்கு?"

பெண்ணைப் பெற்றவர் முந்திரிப்பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தவர், எழுந்து அடுப்படிக்கு ஓடுவார். அவர் திரும்பி வந்து தலையை ஆட்டுகிற வரைக்கும் பந்தி முழுக்கக் காத்திருக்கும். ரசம் ஆறிப்போகும். ஒரு தடவை பாசிப்பருப்புப் பாயாசம், வெல்லம் கொஞ்சம் தூக்கல், இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. அது கிடக்கட்டும், மில்லுக்கு வருகிறேன்.

நானும் அக்காவும் ஒரு நூல் மில்லில், நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற பகுதியில் வேலை பார்த்தோம். அங்கே ஒரு மேஸ்திரி. பொம்பளைகளை அவர் கூப்பிடுவதே "ஏ கழுதைகளா" என்றுதான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"மேஸ்திரி, தப்பா ஒண்ணுமில்ல. நீங்க எங்களைக் கூப்புடுற மாதிரியே மானேசரையும் ஒரு தடவை கூப்புடுங்க. காதுல கேட்டுட்டுப் போயிர்றேன்."

மேஸ்திரிக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. அதற்கப்புறம் அவர் எங்களைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். கையைத் தட்டுவார்.

ஆனால் அந்த மில்லில் எங்களை அழவைத்தது மேஸ்திரி இல்லை, வாசல்தான். சாயந்திரம் சங்கு ஊதியதும் நூல் திருடிப் போகிறோமா என்று சோதனை. ஆம்பளைகளுக்கு மேலோட்டமாக ஒரு தட்டு. பொம்பளைகளுக்குத் தகரக் கொட்டகை. கதவைப் பாதிதான் சாத்துவார்கள். உள்ளே பழங்காநத்தத்திலிருந்து வருகிற சோதனைக்காரி. முந்தானையை அவிழ், கொசுவத்தை உதறு, கொண்டையைப் பிரி. பிள்ளைத்தாச்சியையும் விடமாட்டாள். வெளியே நிற்கிற வாட்ச்மேன் கதவு இடுக்கு வழியாக ஆகாயத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

வாசலில் ஒரு பலகை தொங்கும். எனக்கும் அவளுக்கும் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. அக்கா ஒருநாள் குமாஸ்தாவைப் பிடித்து வாசிக்கச் சொன்னாள். மில்லை விட்டு வெளியே போகும் ஒவ்வொருவரும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அவர் வாசித்தார்.

அன்று சாயந்திரம் மானேசரின் மோட்டார் வாசலுக்கு வந்தபோது அதன் முன்னால் அக்கா நின்றாள். டிரைவர் ஹாரனைப் பாம் பாம் என்று அடித்தான். இவள் போய் அந்த ரப்பர்ப் பந்தைத் தானும் இரண்டு தடவை அமுக்கினாள்.

"நானும் அடிச்சிட்டேன். இப்ப டிக்கியத் தொற."

"என்னம்மா வேணும் ஒனக்கு?" என்றார் மானேசர்.

"ஒவ்வொருத்தரும்னு பலகையில போட்டிருக்காமே. நீங்களும் ஒருத்தரு தானுங்களே? எறங்குங்க, வேட்டிய உதறுங்க."

அக்காவுக்கு அரைநாள் கூலி போயிற்று. குமாஸ்தாதான் மறுநாள் சமாதானம் சொல்ல வந்தார். நாலு எழுத்துப் படித்தவர் இல்லையா!

"இந்தா பாரு, மானம் மரியாதையெல்லாம் ஊருக்கு ஊரு வேற. சீமையில ஒரு வழக்கம், இங்க ஒரு வழக்கம். பெரியவங்களுக்கு ஒண்ணு, கூலிக்காரங்களுக்கு ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே அளவுல சட்டை தைக்க முடியுமா?"

"சட்டை வேறவேறயா இருக்கட்டும் சாமி. உரிச்சா கூசுறது அம்புட்டுப் பேருக்கும் ஒண்ணுதான?"

குமாஸ்தா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. நூல் அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் இரண்டு கட்டைக் காணவில்லை. சங்கு ஊதி நாங்கள் வாசலுக்கு வந்தால் சோதனைக்காரியை நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவள்தான் யாரோடோ கூட்டுச் சேர்ந்து கடத்தினாள் என்று மானேசருக்குச் சந்தேகம்.

"இத்தனை நாளா ஒங்களைச் சோதிச்சாள்ல? இன்னைக்கு நீங்க இவளைச் சோதிங்க. கொட்டகை வேண்டாம். இங்கேயே, எல்லாரும் பாக்க."

எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தீபாவளிதான் போங்கள். நாற்பது பொம்பளைகள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசை கட்டினோம். நான் மூன்றாவது ஆள். மானேசர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்புட்டுப் பேரையும் சோதிக்கணும்னு குதிச்சியே, வா. நீயே ஆரம்பி."

அக்கா நடந்து போனாள். சோதனைக்காரி இரண்டு கையாலும் மாராப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளிலிருந்து நழுவிய தலைப்பை அக்கா எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள். எங்கள் பக்கம் திரும்பி நின்றாள்.

"முடியாது."

"ஏய், ஒனக்கென்ன கிறுக்கா?" என்று எனக்கு முன்னால் நின்றவள் கத்தினாள். "நம்மளை என்ன பாடு படுத்துனா!"

"படுத்துனா. இல்லேங்கல. நாளைக்கு இவ கொண்டையப் பிடிச்சு நானே சண்டை போடுவேன், அது வேற. சேலையில ஒருத்தி கைவைக்கக் கூடாது."

"அவளுக்கு என்னடி மானம்?"

"நமக்கு என்ன மானமோ அதே மானம். இவளுக்கு இல்லேன்னா நமக்கும் இல்ல."

மானேசரின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப நாளையிலருந்து ஒனக்கு வேலை இல்ல."

அவளுக்கு அந்தக் கூலிதான் கஞ்சி. வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். "சரி" என்றாள். சோதனைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் மானேசரைப் பார்த்தான், மானேசர் வாட்ச்மேனைப் பார்த்தார். அந்த இடைவெளியில் ஒருத்தி செருகிய முந்தானையை எடுத்துவிட்டு நடந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. நானும் செருகலை எடுத்துவிட்டு நடந்தேன்; வாசலுக்கு வெளியே அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மில்லில் நூல் ஓட ஆரம்பித்த பிறகு ஒருத்தரையும் சோதிக்காமல் வாசல் விட்டது அன்றைக்குத்தான்.

மறுநாளும் யாரும் கொட்டகைக்குள் போகவில்லை. அதற்கு மறுநாள் யாரும் மில்லுக்குள்ளேயே போகவில்லை. நாலாம் நாள் மில்காரர்கள் இறங்கி வந்தார்கள். சோதனை நிற்கவில்லை, ஆனால் கதவை முழுசாகச் சாத்தினார்கள், சேலையை அவிழ்க்கச் சொல்வது போயிற்று. அக்காவுக்கு மட்டும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இரண்டு கட்டு நூல் எங்கே போனதென்று இன்றுவரைக்கும் தெரியாது.

அக்கா செல்லூரில் தறிக்காரர்களுக்கு ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். ஊர்க்கதை எல்லாம் பேசுவேன், அந்த வரிசையில் நின்றதை மட்டும் பேசமாட்டேன். ஒருநாள் தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நானும் முந்தானையச் செருகிக்கிட்டு நின்னேன்."

"தெரியும்டி. மூணாவது ஆளு. எடுத்துவிட்டதையும் பாத்தேன்" என்றாள். ராட்டையை நிறுத்தாமலே பாயில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

உட்கார்ந்தேன். பொழுது சாய்கிற வரைக்கும் நூலில் சிக்கெடுத்துக் கொடுத்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது என் ஆயுசில் அந்த ஒரு நாள்தான்.